பக்கத்தைத் திருப்பு

சொக்கலிங்க வாத்தியாருக்கு விரலை நாக்கில் தொடாமல் புத்தகத்தைப் புரட்டத் தெரியாது. அதுவும் வெறும் எச்சிலா? மூக்குப்பொடி எச்சில். ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை வேட்டியில் தேய்த்து, அதே விரலை நாக்கு நுனியில் வைத்து எடுத்து, ஒன்றாம் வகுப்பு வாசகப் புத்தகத்தின் மூலையைப் பிடித்துத் திருப்புவார். வருஷக்கணக்கில் இப்படித் திருப்பித் திருப்பி அந்தப் புத்தகத்தின் கீழ் மூலைகள் எல்லாம் பழுப்பேறிப் பிசுபிசுவென்று ஒட்டும். சூடாமணி அந்த வகுப்புக்கு டீச்சராக வந்த முதல் நாளே இதைப் பார்த்துத் தொலைத்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தை அவளால் தொட முடியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த நாய்க்குப் போட்டாள்.

அது பழங்காநத்தத்தில் சர்க்கார் மானியத்தில் நடந்த ஆரம்பப் பள்ளிக்கூடம். வெள்ளைக்காரன் காலம், முப்பத்தெட்டாம் வருஷம். மானேஜரும் சொக்கலிங்க வாத்தியார்தான், தலைமை வாத்தியாரும் அவர்தான். வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். வாசித்த பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்கு மானியம் வரும். அவ்வளவுதான் விஷயம். வாசிக்க வைக்கச் சொக்கலிங்க வாத்தியார் ஒரு வழி வைத்திருந்தார். வழியா அது, கண்றாவி!

அவர் ஒரு வரி சொல்வார். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்லும். "இது எங்கள் பசு." "இது எங்கள் பசூ!" "பசு புல் தின்னும்." "பசு புல் தின்னூம்!" நாள் முழுக்க இதே கூச்சல். புத்தகம் நாலைந்து பேரிடம்தான் உண்டு, அவர்களும் அதைப் பார்ப்பதில்லை. கூரையில் பல்லி பூச்சி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே பசுவைப் புல் தின்ன வைப்பார்கள். இதில் ஒரு கூத்து. பசு பாடம் இரண்டு பக்கம் ஓடும். முதல் பக்கம் முடிந்ததும் வாத்தியார் விரலை நக்கிக்கொண்டு, "பக்கத்தைத் திருப்பு" என்பார். வாத்தியார் வாயிலிருந்து வருவது எல்லாம் பாடம்தானே? பிள்ளைகளும், "பக்கத்தைத் திருப்பூ!" என்று ஒரே குரலில் முழங்கிவிட்டு, "கன்று துள்ளி ஓடூம்!" என்று மேலே போகும்.

"சார், அது பாடத்துல இல்லையே. பிள்ளைங்க அதையும் சேர்த்துச் சொல்லுதே" என்று சூடாமணி வந்த புதிதில் கேட்டாள்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கட்டும்மா. அந்த வார்த்தை இல்லேன்னா பயபுள்ளைக எந்த எடத்துல தாளைத் திருப்பணும்னு தெரியாம முழிப்பானுக. அதைச் சொன்னா கை தன்னால திருப்பும். பாக்குற மனுசனுக்கு வாசிக்கிற மாதிரியே இருக்கும். இன்ஸ்பெக்டர் வாரன்னிக்கு மட்டும் அதை மனசுக்குள்ள சொல்லிக்கங்கடான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மனுஷன் இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஏதோ பெரிய சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுக்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். சூடாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு இது பொறுக்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது. டவுனின் தெற்குத் தெருக்களில் தறி போட்ட சௌராஷ்டிரக் குடும்பம் அவளுடையது. வீட்டில் தமிழ் கிடையாது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தபோது, சுற்றி இருந்தவர்கள் கத்தியதையே அவளும் கத்தினாள். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. சமர்த்து என்று முதுகில் தட்டினார்கள். பிறகு வந்த ஒரு டீச்சர் அவள் புத்தகத்தில் வேறு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னபோதுதான் குட்டு உடைந்தது. வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் கழித்தும், புருஷன் செத்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, வேலைக்கு வந்த பிறகும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

ஆகவே காலை நேரத்தைத் தனக்கு விடச் சொல்லி வாத்தியாரிடம் மல்லுக்கு நின்று வாங்கினாள். மத்தியானம் கோரஸ் அவர் பாடு, காலையில் எழுத்து இவள் பாடு. அதுவரை பிள்ளைகள் எழுத்துக்குப் பேர் சொல்லித்தான் படித்தார்கள். பசுவைக் காட்டினால், "பானா, சூனா" என்பார்கள். சேர்த்துச் சொல்லடா என்றால், "பானாசூனா!" அதற்கு மேல் பசு நகராது.

"பேரைச் சொல்லாதீங்க. அது போடுற சத்தத்தைச் சொல்லுங்க" என்றாள் சூடாமணி. உதட்டை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுக்கச் சொன்னாள். அப்படியே வாயைத் திறந்தால் 'ம' வந்தது. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு 'ப' சொல்லச் சொன்னாள். கையில் காற்று பட்டதும் பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மணலில் ஒரு எழுத்தைப் போட்டுச் சத்தத்தை எழுப்பி, அது அடங்குவதற்குள் அடுத்த எழுத்தின் சத்தத்தைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். ப... டம். ம... ரம். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

"ஏம்மா, இது பள்ளிக்கூடமா மாட்டுத் தொழுவமா? ம்ம்மா ம்ம்மான்னு கத்த விட்டுருக்கே" என்று வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

முதலில் சத்தத்தை ஒட்டக் கற்றுக்கொண்டது அன்னக்கொடிதான். ஆறு முடிந்து ஏழு நடக்கும் குட்டி. எண்ணெய் காணாத தலை, இடுப்பில் நிற்காத பாவாடை. அவள் அப்பன் காளை கீழக்குயில்குடிக்காரன். பழங்காநத்தத்தில் பெண்டாட்டி வீட்டோடு வந்து தங்கி மாட்டுவண்டி ஓட்டினான். பிறந்த சாதிக்காகவே கைரேகை வாங்கிக் கண்காணிக்கும் ரேகைச் சட்டத்தில் பேர் ஏறின ஆள். ஊரை விட்டு நகர வேண்டுமானால் போலீஸ் கச்சேரியில் சொல்லிவிட்டு நகர வேண்டும். மகளைச் சேர்க்க வந்த அன்றைக்கே அவன் பட்டென்று சொல்லிவிட்டான்.

"ஒரு வருசம் விடுறேன் டீச்சரம்மா. ரெண்டாங் கிளாசுக்கு ஏத்திவிட்டாகன்னா இருந்து படிக்கட்டும். எம்புட்டுப் படிச்சாலும் சரி, நான் குறுக்க நிக்க மாட்டேன். இல்லேன்னா கீழக்குயில்குடியில எங்க அக்கா ஒச்சாயி ஆடு வெச்சிருக்கா. மேய்க்க ஆளில்லாமத் தவிக்கிறா. அங்க போயிரும்."

"ஏத்திவிடுவாங்க. நான் பொறுப்பு" என்றாள் சூடாமணி. அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் குறைச்சல் இல்லை. மாசி மாதம் வருவதற்குள் அன்னக்கொடி எதைக் கண்டாலும் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். கடையில் மடித்துக் கொடுத்த காகிதம், சோப்புப் பெட்டி, சுவரில் ஒட்டிய நாடக நோட்டீஸ், ஒன்றையும் விடுவதில்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தத்தைக் கூட்டி, முழு வார்த்தை வந்ததும் தலையை ஆட்டிக்கொள்வாள். ஆனால் மத்தியானக் கோரஸுக்கு அவளால் ஆகாமல் போயிற்று. எல்லாரும் கன்று துள்ளி ஓடும் இடத்துக்குப் போய்விட்ட பிறகும் இவள் பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டிருப்பாள். விரல் வரியை விட்டு நகராதே!

"இந்தக் குட்டியை இன்ஸ்பெக்டர் வாரன்னிக்கு வரவேணாம்னு சொல்லிரு. திக்குது" என்றார் வாத்தியார்.

"திக்கலை சார். வாசிக்குது. இந்த வகுப்புலயே வாசிக்கிறது அது ஒண்ணுதான். வராட்டி எப்படி சார் ரெண்டாங் கிளாஸ் போகும்?"

"அப்பக் கடைசியில உக்கார வையி. கூப்புடாம நான் பாத்துக்கிறேன். இவனுகளோட சேந்து தானா ஏறிரும்."

சூடாமணி அதோடு வாயை மூடிக்கொண்டாள். எப்படியாவது ஏறினால் சரி என்று அவளும்தான் நினைத்தாள்.

இன்ஸ்பெக்டர் ஜட்காவில் வந்து இறங்கினார். தொந்தியும் தலைப்பாகையுமாகப் பார்க்க நல்ல மனுஷனாகத்தான் இருந்தார். வந்ததும் இளநீர். இளநீர் முடிந்ததும் வெற்றிலை. வாத்தியார் வீட்டில் வடை பாயசத்தோடு சமையல் நடந்துகொண்டிருந்த வாசனை பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கு அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பியது.

முதலில் பேயாண்டியை எழுப்பினார்கள். தொண்டை பெரிதாக இருந்ததால் வகுப்பின் சட்டாம்பிள்ளையாக இருந்தவன் அவன். புத்தகத்தை விரித்துப் பிடித்தான். கண் இன்ஸ்பெக்டர் தலைப்பாகையில் நின்றது. வாய் மட்டும் ஓடியது.

"இது எங்கள் பசு இதன் நிறம் சிவப்பு பசு புல் தின்னும் பசு பால் தரும் பக்கத்தைத் திருப்பு..."

சொல்லிவிட்டு, வாத்தியார் செய்கிற மாதிரியே விரலை நக்கித் தாளைத் திருப்பினான் படுபாவி. "கன்று துள்ளி ஓடும் கன்று எங்கள் செல்வம்" என்று முடித்து உட்கார்ந்தும்விட்டான்.

வாத்தியார் முகம் செத்துப்போயிற்று. சூடாமணி இன்ஸ்பெக்டர் முகத்தையே பார்த்தாள். மாட்டிக்கொண்டார் இன்றைக்கு! இத்தனை வருஷத்துப் பித்தலாட்டமும் வெளியே வந்தது! இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். பிறகு, "பலே! நல்ல கணீர்க் குரல்" என்றார்.

சூடாமணிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அடுத்த பையன் எழுந்தான். அவனும் பக்கத்தைத் திருப்பு என்றான். அதற்கடுத்தவனும் சொன்னான். ஒவ்வொருவனுக்கும் இன்ஸ்பெக்டர், "பலே" போட்டார். கடைசியில் அவருக்கே அலுத்துப்போய், "அங்கே பின்னாடி ஒரு பொண்ணு இருக்கே, அது வாசிக்கட்டும்" என்று கையைக் காட்டினார்.

அன்னக்கொடி எழுந்து வந்து புத்தகத்தைத் தரையில் வைத்தாள். விரலை எழுத்துக்கு அடியில் வைத்தாள். "இ... து. இது. எ... ங்... கள். எங்கள். ப... சு. பசு." மெதுவாக, ஆனால் ஒரு எழுத்தும் தப்பாமல் வாசித்தாள். பசு பால் தரும் வரைக்கும் வந்தாள். சத்தமில்லாமல் தாளைத் திருப்பினாள். கன்றைத் துள்ள வைத்து ஓட வைத்தாள். எழுந்து நின்று பாவாடையைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் முகத்தில் குறும்பு தெரிந்தது. "ஒரு வரியை விட்டுட்டியே பாப்பா. அந்தப் பையன்கள் எல்லாம் 'பக்கத்தைத் திருப்பு'ன்னு வாசிச்சாங்களே. நீ வாசிக்கலையே?"

அன்னக்கொடி பயந்துபோய் மறுபடி உட்கார்ந்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினாள். படத்துக்கு அடியிலும் தேடினாள். அடுத்த பக்கத்தையும் தேடினாள். பிறகு நிமிர்ந்து, "இதுல அப்படி இல்ல சார்" என்றாள்.

"இருக்கு! கண்ணைத் தொறந்து பாரு!" என்று வாத்தியார் சீறினார். ஏன் சீறினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இல்ல சார்."

"ஏண்டா, இருக்கா இல்லையா?" என்று இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"இருக்கூ சார்!" கூரை அதிர்ந்தது.

அன்னக்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சூடாமணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விரலை அந்தப் பக்கத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, "இல்ல" என்றாள். இன்ஸ்பெக்டர் தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரமாச்சே" என்று எழுந்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு முன்பே முடிவைச் சொல்லிவிட்டார்கள். பேயாண்டி முதல் எல்லாரும் பாஸ். அன்னக்கொடி மட்டும் ஃபெயில். சூடாமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெண்பிள்ளை ஆண்கள் சாப்பிடும் இடத்துக்குப் போகலாமா கூடாதா என்றெல்லாம் பார்க்கவில்லை. நேரே வாத்தியார் வீட்டுக் கூடத்துக்குப் போய் இலைக்கு முன்னால் நின்றாள்.

"சார், நீங்க கேட்டீங்க. அந்தப் பையன்கள் வாசிக்கலை. உங்களுக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டர் பாயசத்தை இலையில் கையால் வழித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வழியாக வழிந்ததையும் விடாமல் நக்கினார். "தெரியும்மா. ஏன் தெரியாம? நான் போற பள்ளிக்கூடத்துல பாதி இப்படித்தான். ஒரு ஊர்ல ஒரு பய நடுவில 'தும்மாதேடா'ன்னு வாசிச்சான்."

வாத்தியார் பக்கத்து இலையிலிருந்து ஹிஹி என்றார்.

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அது நெசமாவே வாசிக்குது. நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கே. ஆனா எல்லாரையும் பாஸ் போட்டா மேலே இருக்கறவன் நம்ப மாட்டான். ஒண்ணாவது ஃபெயில் காட்டணும். திக்குதுன்னு எழுதினா யாரும் கேட்கப் போறதில்லை. இன்னொரு வருஷம் உட்காரட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?"

"அதோட அப்பா நிறுத்திருவார் சார். ஆடு மேய்க்க அனுப்பிருவார். சொல்லித்தான் சேர்த்தார்."

"பொட்டைப் பிள்ளைதானேம்மா" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஒரு ஏப்பம் விட்டார். பாயசமும் வெற்றிலையும் கலந்த நாற்றம் சூடாமணி முகத்தில் வந்து அடித்தது. சீ, இவர்களும் மனுஷர்களா! அவள் வாசிக்கிறாள் என்று தெரியாமல் ஃபெயில் போட்டிருந்தால் முட்டாள் என்று விட்டுவிடலாம். தெரிந்தே செய்துவிட்டு மோரும் கேட்கிறாரே! திண்ணை தாண்டித் தெருவுக்கு வந்து சாக்கடை ஓரமாகக் காறித் துப்பினாள். 

சாயங்காலம் காளை வண்டியை வேப்பமரத்தடியில் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தான். வாத்தியார் முந்திக்கொண்டு, "உம் மகளுக்குப் படிப்பு ஏறல காளை. ஒரே பிடிவாதம். திக்குவாய் வேற" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். காளை மகளின் கையைப் பிடித்தான்.

"நில்லுங்க" என்றாள் சூடாமணி. மனதில் இருந்த ஆத்திரம் எல்லாம் கொட்டிற்று. பேயாண்டி சொன்னதும், இன்ஸ்பெக்டர் சிரித்ததும், வகுப்பே இருக்கு இருக்கு என்று கத்தியதும், இவள் இல்லை என்று நின்றதும், ஒன்றையும் விடாமல் சொன்னாள். "உங்க பொண்ணுக்கு வாசிக்கத் தெரியும். ரெண்டாங் கிளாஸ் போற ஒருத்தனுக்கும் தெரியாது. இன்னும் ஒரே ஒரு வருஷம் விடுங்க. உங்க காலைக்கூடப் பிடிக்கிறேன்."

காளை மகளை உற்றுப் பார்த்தான். "இல்லேன்னு சொன்னியா ஆத்தா?"

"இல்லதானே அய்யா. நான் நல்லாத் தேடிப் பாத்தேன்."

அவன் அவள் தலையில் கையை வைத்தான்.  பிறகு சூடாமணியைப் பார்த்துப் பேசினான்.

"ஒரு தடவை எம்மேல கேசு போட்டாக டீச்சரம்மா. நான் வண்டிகூட ஓட்டிப் போகாத ஊருல, சுவத்துல கன்னம் வெச்சுத் திருடுனேன்னு எழுதி வெச்சுக்கிட்டு, ஆமான்னு ரேகை வையிடான்னாக. கூட நின்னவன் அம்புட்டுப் பேரும் ஆமா, இவந்தான்னான். பொழுது சாய வீட்டுக்குப் போயிட்டான். நான் இல்லேன்னேன். ஆறு மாசம் உள்ள கெடந்தேன். எழுத்துத் தெரியாத பயல், இவன் இல்லேன்னா யாரு கேப்பா? அதனாலதான் இதைப் பள்ளிக்கூடத்துல விட்டேன். எழுத்துத் தெரிஞ்சவ இல்லேன்னு சொன்னா கேப்பாகன்னு நெனச்சேன்."

சூடாமணி அன்னக்கொடியின் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். 

"இப்ப எழுத்தும் தெரியுது, எம்பிள்ளைக்கு. விரலை வெச்சுக் காட்டி இல்லேன்னும் சொல்லிருச்சு. அப்பவும் இதே கதிதானா? இருக்குன்னு கத்துன பயலுகளை எல்லாம் ரெண்டாங் கிளாசுல வெச்சிருக்கீக. அங்க போயி இது என்னத்தப் படிக்கும்? அவனுகளோட சேந்து கத்தத்தான் படிக்கும். வேணாம் டீச்சரம்மா. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆடு பொய் சொல்லச் சொல்லாது."

கும்பிட்டுவிட்டுப் போனான். அவனிடமும் கோபப்பட வழியில்லாமல் போயிற்று அவளுக்கு.

மறுநாள் காலை வாத்தியார் ரொம்ப குஷியில் இருந்தார். "இன்ஸ்பெக்டருக்குப் பரம திருப்தி. இனிமே காலையிலயும் கோரஸ்தான். அந்த ம்ம்ம் எல்லாம் வேண்டாம். அடுத்து வார பிள்ளைகளுக்கும் நீயே இப்படிச் சொல்லிக் குடுத்துரு. இஷ்டமில்லேன்னா சொல்லிரு, வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ பட்டம் கட்டுகிற மாதிரி தன் புத்தகத்தையே அவள் கையில் கொடுத்தார். அந்தப் பொடிப் புத்தகம்! வேண்டாம் என்று அதை அவர் மூஞ்சியில் வீசிவிட்டு வந்திருக்கலாம்தான். வீட்டில் தாயார் இருந்தாள். தறிக்காரர்களுக்குப் பாவு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தது போதும் என்று மகளின் சம்பளத்தை நம்பி உட்கார்ந்திருந்தாள். சூடாமணி புத்தகத்தின் மூலையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மூலை விரலில் ஒட்டியது.

"இது எங்கள் பசூ!" என்று, இரண்டாம் வகுப்புக்குப் போக இன்னும் நாள் இருந்த பேயாண்டி எடுத்துக் கொடுத்தான். வகுப்பு பிடித்துக்கொண்டது.

அப்போது தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. காளையின் வண்டி. பின்னால் ஒரு துணி மூட்டையும் அதன்மேல் அன்னக்கொடியும். வாசலில் மாடு கொஞ்சம் தயங்கி நின்றது. அன்னக்கொடி எட்டிப் பார்த்தாள். டீச்சரைப் பார்க்கவில்லை, வாசலுக்கு மேலே தொங்கிய பலகையைப் பார்த்தாள். "ஆ... ர... ம்... பப். ஆரம்பப். பா... ட... சா..." என்று விரலைக் காற்றில் நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள். "பசு புல் தின்னூம்! பசு பால் தரூம்!" என்று உள்ளே இருந்து எழுந்த கூச்சலில் மிச்ச எழுத்துகள் சூடாமணிக்குக் கேட்கவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. அவள் கழுத்தை நீட்டி அது மூலை திரும்பும் வரை பார்த்தாள்.

"பக்கத்தைத் திருப்பூ!" என்றது வகுப்பு.

அவள் விரல் தன்னால் எழுந்து நாக்கைத் தொட்டுவிட்டு வந்து தாளைத் திருப்பிற்று. வாயெல்லாம் மூக்குப்பொடி காறியது.